மொட்டை மாடி ஹைட்ரோபோனிக்ஸில் பிஎச் அளவைப் பேணும் முறை

சென்னையில் மண்ணில்லாமல் கீரையும் லெட்யூஸும் வளர்ப்பவர்கள் நால்வர் கூடினால் பேச்சு சிறிது நேரத்தில், ஊட்டக்கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணுக்கு வந்துவிடும். காலையில் 5.8-க்கு இறக்கி வைத்த கரைசல் மறுநாள் 7-ஐத் தாண்டி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்பார். இன்னும் கொஞ்சம் அமிலம் ஊற்றுங்கள் என்று இன்னொருவர் சொல்வார். இந்த யோசனையைக் கேட்டு முதல் ஓராண்டு முழுவதும் தினமும் அமிலம் ஊற்றியவன் நான். அதனால் கிடைத்தது மஞ்சள் பூத்த கீரையும், தொட்டியின் அடியில் படிந்த வெள்ளைச் சேறும்தான். கருவி காட்டும் எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டு, நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைத் தெரிந்துகொண்ட பிறகே வேலை எளிதாயிற்று. ஆகவே இந்த வழிமுறையில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும்.

எந்த எல்லைக்குள், ஏன்

பிஎச் அளவுகோலை 1909-ல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் வகுத்தார். இது மடக்கை அளவுகோல் என்பதால், ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. 7.5-க்கும் 5.5-க்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு மடங்கு. மண்ணில் களியும் மட்கும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஊட்டக்கரைசலில் தாங்குவதற்கு ஏதுமில்லாததால், நாம் செய்யும் சிறு பிழையும் அப்படியே வேரைப் போய்ச் சேரும்.

பெரும்பாலான பயிர்களுக்கு 5.5 முதல் 6.5 வரை ஏற்ற எல்லையாகும். லெட்யூஸ், பாலக், புதினா, துளசி வகைகள், தக்காளி, மிளகாய் எல்லாமே இதற்குள் நன்றாக வளரும். ஒரே தொட்டியில் பலவற்றை வளர்ப்பவர்கள் 5.8 முதல் 6.2 வரை வைத்துக்கொண்டால் போதும். 6.5-க்கு மேலே போகும்போது முதலில் அடிபடுவது இரும்புச் சத்து. இரும்பு படியாமல் கரைந்திருக்க அதை ஒரு பிணைப்புப் பொருளோடு சேர்த்து விற்கிறார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஈடிடிஏ வகை இரும்பு ஏறத்தாழ 6.5 வரைதான் கரைசலில் நிலைத்திருக்கும். டிடிபிஏ வகை 7.5 வரை தாங்கும், ஈடிடிஎச்ஏ வகை அதற்கு மேலும் தாங்கும். இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால், உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரத்தைக் கொட்டுவதற்கு முன் பிஎச்சைப் பார்த்துவிட வேண்டும். பிஎச் ஏறும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வெண்படிவாக இறங்குகின்றன. நான் முன்பு சொன்ன வெள்ளைச் சேறு அதுதான். மறுபுறம் 5-க்குக் கீழே போனால் வேர் நுனிகள் கருகும், கால்சியமும் மக்னீசியமும் சரியாக உள்ளே போகாது, மாங்கனீஸ் அளவுக்கு மீறி ஏறும்.

முதலில் தண்ணீரைப் படிக்க வேண்டும்

குழாய்த் தண்ணீரின் பிஎச் 7.4 என்றால் அது நல்ல தண்ணீர் என்றும் 8.2 என்றால் கெட்ட தண்ணீர் என்றும் முடிவு கட்டுவது தவறு. அந்தத் தண்ணீர் எவ்வளவு அமிலத்தை விழுங்கும் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அதைத் தீர்மானிப்பது அதில் கரைந்துள்ள பைகார்பனேட். நீர்ப் பரிசோதனை அறிக்கையில் ‘மொத்தக் காரத்தன்மை’ என்ற வரியில் இது இருக்கும். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் கருவி இதைச் சொல்லாது. கடல்நீர் உட்புகுந்த கிணற்றிலும் டிடிஎஸ் ஏறித் தெரியும், சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரிலும் ஏறித் தெரியும். முன்னதில் தொல்லை சோடியம், பின்னதில் தொல்லை பைகார்பனேட். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 மி.கி. வரை இருக்கலாம் என்றும் சொல்கிறது. அதாவது, மனிதர் குடிக்கத் தடையில்லாத தண்ணீரே நம் லெட்யூஸுக்குப் பெருந்தொல்லையாக இருக்கக்கூடும்.

சென்னையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. மெட்ரோ தண்ணீர் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்தும், வீராணத்திலிருந்தும், 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலிருந்தும் வருகிறது. எந்த வாரம் எந்தப் பகுதிக்கு எது எவ்வளவு கலந்து வருகிறது என்பது நம் கையில் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே சம்ப்பில் போர் தண்ணீரும் லாரி தண்ணீரும் வந்து விழும். ஒரு கோடையில் எங்கள் குடியிருப்பில் மெட்ரோ தண்ணீர் குறைந்து லாரி தண்ணீரை இறக்கினார்கள். நான் வழக்கமாக ஊற்றும் அளவிலேயே அமிலத்தை ஊற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது பாலக் முழுவதும் எலுமிச்சை நிறத்தில் நின்றது. அளந்து பார்த்தால் பிஎச் 7.6. அன்றிலிருந்து சம்ப்பில் புதுத் தண்ணீர் ஏறினால் பரிசோதிக்காமல் தொட்டியில் விடுவதில்லை.

இதற்காக ஆய்வகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மீன் வளர்ப்பவர்கள் காரத்தன்மையை அளக்கப் பயன்படுத்தும் கேஎச் சொட்டுப் பரிசோதனைப் பெட்டி ஒன்றே போதும். கொளத்தூர் மீன் கடைகளில் இது கிடைக்கும். நான் முதல் முறை கேட்டபோது, “தொட்டி எத்தனை அடி சார், என்ன மீன் விட்டிருக்கீங்க?” என்றார் கடைக்காரர். கீரைக்கு என்று சொன்னதும் பெட்டியைக் கொடுக்காமல் சற்று நேரம் என்னையே பார்த்தார். பயன்படுத்தும் முறை எளிது. சோதனைக் குழாயில் 5 மி.லி. தண்ணீரை எடுத்துக்கொண்டு, மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதல் சொட்டில் தண்ணீர் நீலமாகும். பிறகு எத்தனையாவது சொட்டில் அது மஞ்சளாகத் திரும்புகிறது என்று எண்ண வேண்டும். இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்குச் சுமார் 18 மி.கி. காரத்தன்மை. எங்கள் போர் தண்ணீருக்கு 17 சொட்டு விழுந்தது. அதாவது ஏறத்தாழ 300 மி.கி.

இந்த 300 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் என் முதலாண்டுத் தோல்வியின் காரணம் தெரியும். 50 மி.கி. காரத்தன்மையைத் தீர்க்க ஒரு மில்லிமோல் (வேதியியலில் பொருளின் அளவைக் கணக்கிடும் அலகு) அமிலம் வேண்டும். பிஎச் 5.8-க்கு வர ஏறக்குறைய எண்பது விழுக்காடு பைகார்பனேட்டை முறிக்க வேண்டியிருப்பதால், 100 லிட்டருக்கு 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம் சுமார் 33 மி.லி. தேவைப்படும். அந்த அமிலம் லிட்டருக்கு ஏறத்தாழ 150 மி.கி. பாஸ்பரஸையும் கூடவே கொண்டுவந்து சேர்க்கும். கீரை வகைகளுக்கு வேண்டியது 30 முதல் 50 மி.கி. மட்டுமே. எஞ்சியது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், அல்லது இரும்பையும் துத்தநாகத்தையும் வேருக்குப் போகவிடாமல் தடுக்கும். பிஎச் எண் மட்டும் அழகாக 5.8 காட்டும்.

அமிலம் விட்டபின் பிஎச் மீண்டும் ஏறுவதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அமிலம் பைகார்பனேட்டை முறிக்கும்போது கரியமில வாயு உண்டாகித் தண்ணீரில் கரைந்து நிற்கிறது. அது நிற்கும்வரை பிஎச் தாழ்ந்து தெரியும். ஏர் பம்ப் ஓட ஓட, கோலி சோடாவின் கோலியைத் தட்டிவிட்டு அப்படியே வைத்தால் பொங்கும் வாயு போய்விடுவதைப் போல, வாயு வெளியேறி பிஎச் ஏறிவிடும். செடி ஒன்றும் செய்யவில்லை, கருவியும் பழுதில்லை. எனவே கரைசல் கலந்து ஐந்து நிமிடத்தில் எடுக்கும் அளவை நம்பக்கூடாது. இரவு முழுவதும் காற்றூட்டி மறுநாள் காலையில் எடுக்கும் அளவுதான் உண்மையானது.

கலந்து சரிசெய்வதே நல்லது

காரத்தன்மை மிகுந்த தண்ணீரை அமிலத்தால் அடிப்பதைவிட, காரத்தன்மை இல்லாத தண்ணீரால் நீர்க்கச் செய்வதே என் தேர்வு. போர் தண்ணீர் ஒரு பங்கு, மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் மூன்று பங்கு என்று கலந்தால் 300 மி.கி. என்பது 75 ஆகிவிடும். அப்போது 100 லிட்டருக்குச் சுமார் 8 மி.லி. பாஸ்பாரிக் அமிலம் போதும். அதனால் வரும் பாஸ்பரஸும் 37 மி.கி. அளவில் அடங்கும். உரக்கலவையில் ஏற்கெனவே பாஸ்பரஸ் இருக்கும் என்பதால் இதற்கு மேலே போகாமல் இருப்பது நல்லது. முழுக்க ஆர்ஓ தண்ணீரில் வளர்ப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அதில் தாங்குசக்தி ஏறத்தாழ இல்லாததால் ஒரு மி.லி. அமிலம் கூடினாலே பிஎச் 4-க்கு விழும். கொஞ்சம் பைகார்பனேட் மிச்சமிருப்பது நமக்குக் காவல். லிட்டருக்கு 40 முதல் 80 மி.கி. வரை வைத்துக்கொள்வது வசதி. ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக் குழாயிலிருந்து பக்கெட்டில் பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். உப்பெல்லாம் சேர்ந்து செறிந்திருப்பது அதில்தான். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாய் அமைப்பு நம்மிடம் பெரும்பாலும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் இணைப்பைத் திருப்பி டிரம்மில் பிடித்தால் பல வாரங்களுக்குக் கலவைத் தண்ணீர் கிடைத்துவிடும். ஆனால் வெயிலைத் தணிக்க மாடித் தரைக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தாலும், பழைய கட்டடத்தில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்ட தளமாக இருந்தாலும், அதில் ஓடிவரும் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். வானிலிருந்து 5.6 அளவில் இறங்கும் மழை டிரம்முக்குள் 8-ஐத் தாண்டி நிற்பதை நானே அளந்திருக்கிறேன். முதல் இரண்டு மழையை ஓடவிட்டு, பிறகு சொட்டுப் பரிசோதனை செய்துவிட்டுப் பிடிக்க வேண்டும்.

கருவி

பேனா வடிவ பிஎச் மீட்டரே பெரும்பாலோருக்குப் போதும். வெப்பநிலைக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கூடவே, கருவியைச் சரிபார்க்க உதவும் பிஎச் 4.01, 6.86 பொடிப் பொட்டலங்களை வாங்கி, பொட்டலத்தில் சொன்ன அளவு (வழக்கமாக 250 மி.லி.) வடித்த நீரில் கரைத்து, மூடிய கண்ணாடிப் புட்டிகளில் நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் இருமுறையேனும் இரண்டிலும் முனையை அமிழ்த்திச் சரிபார்க்க வேண்டும். 6.86-ல் தொடங்கி, முனையைக் கழுவி, துடைக்காமல் ஒற்றியெடுத்து, 4.01-ல் முடிக்க வேண்டும். கண்ணாடி முனை காய்ந்துபோனால் கருவி பொய் சொல்லத் தொடங்கும். மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில துளிகள் எப்போதும் இருக்க வேண்டும். வடித்த நீரில் ஊறவைப்பது முனையைக் கெடுக்கும். லிட்மஸ் தாளில் 6-க்கும் 6.5-க்கும் வேறுபாடு தெரியாது. நிறம் மாறும் சொட்டு மருந்து அதைவிட மேல். கருவியின்மேல் சந்தேகம் வரும்போது ஒத்துப் பார்க்க அது உதவும்.

கரைசல் கலக்கும் முறை

தொட்டியில் கலவைத் தண்ணீரை நிரப்பி முதலில் காரத்தன்மையைப் பார்க்க வேண்டும். அது 100 மி.கி.க்கு மேல் இருந்தால், தேவையான அமிலத்தில் பாதியை உரம் போடும் முன்பே விட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கால்சியம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உயர் பிஎச்சில் சந்தித்துப் படிந்துவிடும். அதன்பின் ஏ, பி என்ற இரு உரக்கரைசல்களையும் (ஒன்றில் கால்சியம், மற்றதில் பாஸ்பேட் இருக்கும்) தனித்தனியே, ஒன்றைவிட்டு நன்றாகக் கலக்கிய பிறகு மற்றதாக, விட வேண்டும். இரண்டையும் ஒரே குவளையில் சேர்த்துவிட்டு ஊற்றினால் பால்போலத் திரிந்துவிடும். உரங்களே பிஎச்சை ஓரளவு இறக்குவதால் கடைசித் திருத்தம் எப்போதும் உரத்துக்குப் பிறகுதான்.

திருத்தத்தை முழுத் தொட்டியில் செய்து பார்ப்பதற்கு முன் ஒரு லிட்டரில் செய்து பார்க்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் 10 மி.லி.யை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் மெல்ல விட்டு நீர்த்த அமிலத்தைத் தயாரித்துக்கொள்ளலாம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மூடியையே திறக்கக்கூடாது. இனி, தொட்டிக் கரைசலில் ஒரு லிட்டரைக் குவளையில் எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் நீர்த்த அமிலத்தை இரண்டிரண்டு மி.லி.யாக விட்டுக் கிளறி, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பொறுத்து அளக்க வேண்டும். 8 மி.லி.யில் 5.8 வந்ததென்றால் 40 லிட்டர் தொட்டிக்கு 320 மி.லி. நீர்த்த அமிலம் வேண்டும். அதில் முக்கால் பங்கை, அதாவது 240 மி.லி.யை, மட்டும் விட்டுக் காற்றூட்டி, மறுநாள் காலையில் அளந்து எஞ்சியதைச் சேர்க்கலாம். செடி தொட்டியில் இருக்கும்போது ஒரே நாளில் 0.5-க்கு மேல் நகர்த்துவது வேருக்கு அதிர்ச்சி.

அமிலத்தைத் தேர்வதில் சிக்கனம் வேண்டாம். பாஸ்பாரிக் அமிலத்தைப் பாரிமுனைப் பக்கத்து வேதிப்பொருள் கடைகளில் விசாரிக்கலாம். எலுமிச்சைச் சாறு, எலுமிச்சை உப்பு, வினிகர் ஆகியவை உடனே பிஎச்சை இறக்கினாலும் நுண்ணுயிர்கள் அவற்றை ஓரிரு நாளில் தின்றுவிடுவதால் பழையபடி ஏறிவிடும், கரைசலும் வழுவழுப்பாகும். அவற்றை அவசரத்துக்கு ஒருநாள் பயன்படுத்தலாம். புளித்தண்ணீர் விட்டால் என்ன என்று என் அத்தை கேட்டார். காரணம் அதேதான், வாடை மட்டும் கூடுதல். கழிவறை கழுவும் ஆசிட், பேட்டரி ஆசிட் இரண்டையும் உண்ணும் பயிருக்கு அருகில் கொண்டுவரக்கூடாது. பிஎச்சை ஏற்ற வேண்டிய நிலை சென்னையில் அரிது. வந்தால் பொட்டாசியம் பைகார்பனேட்டோ நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ நல்லது. ஆப்ப சோடா சோடியத்தைச் சேர்ப்பதால் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

செடி வளரும்போது

இலைப்பயிர்கள் நைட்ரேட்டை உறிஞ்சும்போது வேர் காரத்தை வெளிவிடுவதால் பிஎச் நாள்தோறும் சிறிது ஏறுவது இயல்பு. 5.8-ல் தொடங்கி மூன்று நான்கு நாளில் 6.3 வரை ஏறவிட்டு, பிறகு ஒருமுறை இறக்கினால் போதும். அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு சத்தும் தனக்கேற்ற இடத்தில் நன்றாக உள்ளே போகிறது என்பதால் நான் அதை விரும்பவும் செய்கிறேன். ஏற்றம் மிக வேகமாக இருந்தால் மொத்த நைட்ரஜனில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை அம்மோனியமாக இருக்கும்படி உரத்தை மாற்றலாம். அம்மோனியத்தை உறிஞ்சும் வேர் அமிலத்தை வெளிவிடும். கோடையில் இதைக் கூட்டக்கூடாது. வெப்பத்தில் அம்மோனியம் வேருக்கு நஞ்சாகும்.

அமிலம் ஏதும் விடாமலே பிஎச் திடீரென்று 5-க்குக் கீழே இறங்கினால் முதலில் வேரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பழுப்பேறி, வழுக்கி, முகர்ந்தால் சாக்கடை வாடை அடித்தால் அது வேரழுகல். கத்திரி வெயிலில் மாடித் தொட்டியின் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது, 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மி.கி. கரையும் ஆக்சிஜன் 7.5-க்குக் குறைகிறது, அழுகல் பூஞ்சைக்கும் அதுவே நல்ல காலம். அந்த நேரத்தில் பிஎச்சைத் திருத்திப் பயனில்லை. கரைசலை மாற்றி, தொட்டிக்கு நிழல் வலை கட்டி, ஈரச் சாக்கைச் சுற்ற வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, மாலையில் மட்டும் பிஎச் ஏறிக் காலையில் இறங்கியிருந்தால் தொட்டிக்குள் பாசி இருக்கிறது என்று பொருள். பகலில் அது கரியமில வாயுவை உறிஞ்சிவிடும். வெளிச்சம் புகாத தொட்டியும், காலை ஏழு மணி என்று ஒரே நேரத்தில் அளப்பதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். புதிய சிமென்ட் தொட்டி மாதக்கணக்கில் சுண்ணாம்பைக் கக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். வேரைத் தாங்க ஊடகமாகப் போடும் கற்களில் இரண்டின்மீது வினிகர் விட்டு, நுரைத்தால் ஒதுக்கிவிட வேண்டும். தென்னை நார்க்கழிவைப் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுவதும் மாற்ற வேண்டும். செடி உறிஞ்சாத உப்புகள் தேங்கிவிட்ட கரைசலில், பிஎச் சரியாக இருந்தாலும் சத்துகளின் விகிதம் சரியாக இராது. பழைய கரைசலை இரு மடங்கு தண்ணீர் சேர்த்து மண்தொட்டிச் செடிகளுக்கு ஊற்றலாம். எங்கள் மாடியில் கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் முறைவைத்து ஊற்றுகிறேன். ஒரே செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளை பூக்கும், அப்போது ஒரு மாதம் நிறுத்திவிட வேண்டும்.